காலனி அடுப்பும் கணக்கில் வராத புகையும்

மாலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் நின்று ஊரைப் பார்த்தால் எந்தத் தெருவில் விறகு எரிகிறது என்பது தெரிந்துவிடும். ஊர்த்தெருவில் வெந்நீர் அடுப்புப் புகை அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும். காலனியில் வரிசையாக எழும். சிலிண்டர் இல்லாததால் அல்ல. விழுப்புரம் மாவட்டத்தில் நாம் போய்வந்த காலனிகளில் பெரும்பாலான வீடுகளில் எரிவாயு அடுப்பு இருக்கிறது. 2006-ல் அமைந்த திமுக ஆட்சி இலவசமாகக் கொடுத்ததோ, 2016 மே 1-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் வந்ததோ, ஏதோ ஒன்று. அதன்மேல் ஒரு துணி போர்த்தியிருக்கும். விருந்தாளி வந்தால் டீ போடவும், அடைமழையில் பிள்ளைக்குப் பால் காய்ச்சவும் மட்டும் அந்தத் துணி விலகும். சோறும் குழம்பும் வெளியே விறகடுப்பில்தான் கொதிக்கின்றன.

வன்கொடுமை, பஞ்சமி நிலம், சுடுகாட்டுப் பாதை என்று எழுதும் இந்தப் பகுதியில் அடுப்பைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நிறைய இருக்கிறது. நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, அரசு கட்டித்தரும் வீடு எப்படி இருக்கிறது என்ற மூன்று கேள்விகளும் அடுப்படியில்தான் வந்து சேர்கின்றன. அவற்றின் விலையைக் கொடுப்பது நம் பெண்களின் நுரையீரல்.

ஒரு சிலிண்டருக்கு இரண்டரை நாள் கூலி

முதலில் கணக்கைப் பார்ப்போம். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றப்பட்ட பிறகு சென்னையில் அதன் விலை 868 ரூபாய் 50 காசு ஆனது. உஜ்வலா பயனாளிக்கு 300 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் முழுத் தொகையையும் முதலில் கையிலிருந்து கொடுத்தாக வேண்டும். மானியம் பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். தமிழ்நாட்டில் 2025-26-க்கான நூறு நாள் வேலையின் நாள் கூலி 336 ரூபாய். அது குறையாமல் கிடைத்தாலும் ஒரு சிலிண்டருக்கு இரண்டரை நாள் உழைப்பைத் தாண்டிப் போகிறது. வேலை இல்லாத மாதத்தில் 868 ரூபாயை ஒரே தவணையில் எடுத்து வைப்பது எப்படி? விறகுக்கோ பணம் தேவையில்லை, உடம்பு போதும். அதனால்தான் காலி சிலிண்டர் மூலையில் நிற்கிறது, விறகு எரிகிறது.

நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு தந்த கணக்கே இதைச் சொல்கிறது. 2024-25-ல் உஜ்வலா குடும்பம் ஒன்று சராசரியாக வாங்கியது ஏறத்தாழ நாலரை சிலிண்டர். அப்படியென்றால் ஒரு சிலிண்டர் எண்பது நாள் ஓடுகிறது. முழுச் சமையலையும் எரிவாயுவில் செய்யும் ஐந்து பேர் வீட்டில் ஒரு சிலிண்டர் நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்கு மேல் வராது என்பதை எந்தக் குடும்பத் தலைவியும் சொல்வார். ஆக, இணைப்பு பெற்ற குடும்பங்களிலும் பாதிச் சமையல் இன்னும் விறகில் நடக்கிறது. பத்துக் கோடி இணைப்பு கொடுத்தோம் என்ற விளம்பரத்தில் இந்தப் பாதிக்கு இடமில்லை. மாநில அரசின் கணக்கிலும் ஒரு பாக்கி இருக்கிறது. சிலிண்டருக்கு 100 ரூபாய் மானியம் தருவதாக 2021 தேர்தலில் திமுக கொடுத்த வாக்குறுதி 2025 வரை நிறைவேறவில்லை.

பழக்கம் என்ற பழி

இதைச் சொன்னால் அதிகாரிகளிடமிருந்து ஒரு பதில் தயாராக வரும்: “கேஸ் கொடுத்தாலும் இவர்கள் விறகைத்தான் எரிப்பார்கள். மண்சட்டி ருசி, பழக்கம்.” இந்தப் பழிக்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. அன்றைய விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களின் கிராமங்களில், சென்னை ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஒரு பன்னாட்டு ஆய்வு நடந்தது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளிலும் சேர்த்து சுமார் 3,200 கர்ப்பிணிப் பெண்கள் அதில் பங்கேற்றனர். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும், 18 மாதங்களுக்குத் தடையில்லாமல் எரிவாயுவும் இலவசமாகத் தரப்பட்டன. அவர்கள் விறகடுப்பை ஏறத்தாழ முழுவதுமாக விட்டுவிட்டனர். மூச்சில் போகும் நுண்துகள் அளவு, விறகில் சமைத்தவர்களோடு ஒப்பிடும்போது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

2022-ல் வெளியான அந்த ஆய்வு முடிவில் இன்னொன்றும் இருக்கிறது. மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைகளின் எடை இரு பிரிவிலும் பெரிய வேறுபாடு இல்லாமல்தான் இருந்தது. அடுப்பை மட்டும் மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று நினைக்கக்கூடாது என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். ஆனால் ஒன்று உறுதியானது. எரிவாயு கைக்கெட்டினால் யாரும் புகையைக் கட்டிக்கொண்டு அழுவதில்லை. தடுப்பது பழக்கம் இல்லை, விலை.

புகை சாதாரண விஷயமும் இல்லை. வீட்டுப் புகையால் 2020-ல் உலகம் முழுவதும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். நிமோனியா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய், கண்புரை எல்லாம் இந்தப் பட்டியலில் வருகின்றன. “அம்மாவுக்கு வயசானதால் இழுப்பு” என்று நாம் சொல்லிவிடும் பல இழுப்புகளுக்குப் பின்னால் நாற்பது வருட அடுப்பு இருக்கிறது.

யாருடைய விறகு?

விறகு இலவசம் என்கிறார்கள். நிலம் உள்ளவருக்குத்தான் அது இலவசம். வரப்பில் வேம்பு, தோப்பில் தென்னை மட்டை, கொல்லையில் முருங்கை என்று அவர் வீட்டைச் சுற்றியே எரிபொருள் விளைகிறது. நமக்கு நிலம் இல்லை. 1892-ல் பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் கைமாறிப் போனபோது விளைச்சல் மட்டும் போகவில்லை, மரமும் சுள்ளியும் சேர்ந்தே போயின. அதனால்தான் காலனிப் பெண் சும்மாட்டோடு ஏரிக்கும் ஓடைப் புறம்போக்குக்கும் போகிறாள். அடுத்தவர் கொல்லையில் காய்ந்த மட்டையைப் பொறுக்கியதற்கு வசவு வாங்காத பெண் காலனியில் அரிது. பள்ளிக்குப் போகும் முன் விறகுக்குப் போய் வரும் பெண் பிள்ளைகளை ஆசிரியர்கள் தாமதத்துக்காகக் கண்டிக்கிறார்கள். தாமதம் எங்கிருந்து தொடங்கியது என்று கேட்பதில்லை.

இப்போது ஏரிகளில் சீமைக்கருவேல மரங்கள் ஏலம் விட்டு அகற்றப்படுகின்றன. உயர் நீதிமன்ற உத்தரவும் இருக்கிறது. நீர்நிலைக்கு அது நல்லது, நாம் எதிர்க்கவில்லை. ஆனால் ஈரமாக இருந்தாலும் ஓரளவு நின்று எரியும் அந்த வேலிகாத்தான்தான் காலனியின் முதன்மை எரிபொருள். ஏலம் எடுத்தவர் அடிமரத்தோடு சுள்ளியையும் சேர்த்து ஓட்டிப் போனால் காலனிக்கு மிஞ்சுவது என்ன? கிளைச் சுள்ளியை அந்தந்தக் கிராம மக்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஏல நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால் அரசுக்கு எந்த நட்டமும் வராது.

கேஸ் வரும்வரை எரிக்கும் முறை

உரிமையைக் கேட்போம். அதுவரை இன்றைக்கு இரவு உலை வைக்க வேண்டுமே! புகை என்பது எரியாமல் போன விறகு. ஆகவே புகையைக் குறைத்தால் விறகும் மிச்சம், சுமக்கும் பாரமும் குறைவு. சில முறைகளை இங்கே தருகிறோம். பெரும்பாலானவை நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்தவைதான்.

விறகு நன்றாகக் காய வேண்டும். பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே சூடு செலவாகும், மீதிதான் பானைக்கு. மாசி, பங்குனியில் வெட்டிப் பிளந்து, கல்லின்மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரமோ தார்ப்பாயோ போட்டுப் பக்கங்களைத் திறந்து விட்டால் ஐப்பசி மழைக்கு முன் காய்ந்துவிடும். இரண்டு கட்டையைத் தட்டினால் ‘டக்’ என்று கேட்க வேண்டும். ‘தொப்’ என்று கேட்டால் இன்னும் ஈரம்.

பெருங்கட்டையை அப்படியே திணிக்கக் கூடாது. கட்டைவிரல் பருமனுக்குப் பிளந்தால் தீ உடனே பற்றும், புகை குறையும். நுனி மட்டும் தீயில் இருக்கட்டும். எரிய எரியத் தள்ளிக்கொடுத்தால் போதும்.

தீக்குக் காற்று கீழிருந்து வர வேண்டும். அடுப்புக்குள் நான்கு இரும்புக் கம்பியைக் குறுக்கே வைத்து அதன்மேல் விறகை வைத்தால் அடியில் காற்று ஓடும். அடுப்பு வாயை விறகால் அடைக்க வேண்டாம். சாம்பலைத் தினமும் அள்ளிவிட வேண்டும். இவற்றைச் செய்தால் ஊதுகுழலின் வேலை பாதியாகும். ஊதும்போதுதான் முகம் புகைக்குள் போகிறது என்பதை மறக்கக் கூடாது.

அடுப்புக் குமிழ் ஒரு விரல் தடிமனுக்கு இருந்தால் போதும். அதற்கு மேல் உயர்ந்தால் சூடு பக்கவாட்டில் ஓடிவிடும். பானை தாழ்ந்து தீயை அமுக்கினால் கரி படியும், புகை பெருகும். பாத்திரத்தை மூடி வைத்துச் சமைக்க வேண்டும். பருப்பையும் பயறையும் முன்கூட்டியே ஊறவைக்க வேண்டும். கொதி வந்ததும் விறகைப் பின்னுக்கு இழுத்துவிடலாம். கொடி அடுப்பு இருந்தால் அதைச் சும்மா விடாமல் ஒரு குண்டான் தண்ணீர் வைக்கலாம்.

பற்றவைக்கத் தேங்காய் நாரும் காய்ந்த பனை ஓலையும் போதும். பிளாஸ்டிக் பையை எரித்தால் வரும் புகை விறகுப் புகையைவிடக் கொடியது. மண்ணெண்ணெயை ஊற்றவே கூடாது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு முன் உட்காரக் கூடாது. மழைக்காலத்தில் தணல் சட்டியை மூடிய அறைக்குள் கொண்டுபோவது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

இத்தனையும் செய்தாலும் விறகடுப்பு எரிவாயுவுக்கு ஈடாகாது. தீங்கைக் குறைக்கும், போக்காது.

கான்கிரீட் வீட்டின் புகை

கூரை வீட்டில் ஓலை இடுக்கு வழியாகப் புகை கொஞ்சமாவது வெளியேறும். அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீட்டின் கான்கிரீட் கூரையில் அதற்கு வழியில்லை. சமையலறையில் புகைபோக்கி இல்லை, ஜன்னல் ஒரு முழத்துக்கு மேல் இல்லை. நாம் பார்த்த பல தொகுப்பு வீடுகளில் பெண்கள் சமையலறையில் விறகை அடுக்கிவிட்டு வாசலில் கீற்று இறக்கிச் சமைக்கிறார்கள். மழை வந்தால் அடுப்பு உள்ளே வரும், புகையும் உள்ளே வரும்.

புகையில்லா அடுப்பு நாட்டுக்குப் புதிதல்ல. 1983-ல் ஒன்றிய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புக்கென ஒரு தேசியத் திட்டமே தொடங்கியது. 2002-ல் அது முடிவுக்கு வந்தது. இலக்குக்காகக் கட்டினார்கள், எண்ணிக்கையை எழுதினார்கள். குழாய் அடைத்தபோதும் மண் வெடித்தபோதும் பழுது பார்க்க யாரும் வரவில்லை. சமைக்கும் பெண்ணிடம் கேட்காமல் வடிவமைத்த அடுப்பு மூலைக்குப் போனது. இன்று காலி சிலிண்டர் நிற்பது அதே மூலையில்தான்.

கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டு மக்கள் தொகையில் ஆதிதிராவிடர்கள் 2011 கணக்கெடுப்பின்படி 20 சதவீதம். அந்த விகிதத்தில் நிதி ஒதுக்கிச் செலவிட வேண்டும் என்பதற்காகவே 2024-ல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அந்த நிதியிலிருந்து, சிலிண்டர் வாங்கும் நேரத்திலேயே விலையைக் குறைத்துக் கொடுக்கும் மானியம் வேண்டும். மொத்தமாகப் பணம் புரட்ட முடியாதவர்களுக்கு 5 கிலோ சிலிண்டர் உஜ்வலாவிலேயே உண்டு. அது கிராமத்தில் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். இனிக் கட்டும் ஒவ்வொரு அரசு வீட்டிலும் கூரைக்கு மேல் உயரும் புகைபோக்கியோடு சமையலறை வேண்டும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அடுத்த கூட்டத்துக்குப் பெண்கள் இந்தக் கோரிக்கைகளை எழுதிக் கொண்டுபோய்த் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கல்லூரி மாணவர்கள் அதற்கு முன் ஒரு வேலை செய்யலாம். தங்கள் தெருவில் வீடு வீடாகப் போய் மூன்று கேள்வி கேளுங்கள்: கடந்த ஓராண்டில் எத்தனை சிலிண்டர் வாங்கினீர்கள்? விறகுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் போகிறது? வீட்டில் யாருக்கு இருமலும் இழுப்பும் இருக்கிறது? இந்தக் கணக்கு எந்த அலுவலகத்திலும் இல்லை. நாம் எடுத்து வைத்தால், “பழக்கம்” என்று பதில் சொல்பவர்கள் முன் அந்தக் காகிதத்தை நீட்டலாம்.