மாத்திரை வந்துவிட்டது, கத்திக்கு ஓய்வா?

விரலில் மோதிரம் இறுகுகிறது. சென்ற ஆண்டு வாங்கிய செருப்பு இந்த ஆண்டு சேரவில்லை. 'உடம்பு போடுகிறது' என்று நாமும் சும்மா இருந்துவிடுகிறோம். ஆனால் சிலருக்கு இது, மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி தோன்றியதன் அடையாளமாக இருக்கும். கட்டி வளர்ச்சி ஹார்மோனை வரம்பின்றிச் சுரக்க, கை, கால், தாடை எல்லாம் பெருக்கின்றன. 'அக்ரோமெகலி' என்பது இந்த வியாதியின் பெயர்.

இதற்கு நாள்தோறும் விழுங்கும் 'பால்டுசோடின்' மாத்திரைக்கு 2025 செப்டம்பரில் அமெரிக்க சர்க்கார் அநுமதி அளித்தது. மாதந்தோறும் ஊசி போட்டுக்கொள்வோருக்கு நல்ல செய்திதான். அப்படியானால், இனி ஆபரேஷன் வேண்டாமா?

அவசரம் வேண்டாம். ஆபரேஷனில் போதிய குணம் காணாதவர்களுக்கும், அதைச் செய்துகொள்ள இயலாதவர்களுக்குமே இந்த அநுமதி. மாத்திரை ஹார்மோனை அடக்கி வைக்கிறது. நிறுத்தினால் அது மீண்டும் தலைதூக்கும். கட்டியை முழுவதும் எடுத்துவிட்டாலோ வியாதியே தீரலாம். பெரும்பாலும் மண்டையைத் திறக்க வேண்டியதில்லை; மூக்கு வழியாகவே எடுக்கிறார்கள். 1907-ல் ஆஸ்திரியாவில் டாக்டர் ஷ்லோஃபர் இட்ட பாதை அது.

எல்லாக் கட்டிக்கும் இதுவே சட்டமா? இல்லை. ஹார்மோன் சுரக்கும் கட்டிகளில் அதிகம் காணப்படுவது புரோலாக்டின் கட்டி. பெண்களுக்கு மாதவிலக்கு நின்று, பிள்ளை பெறாமலே பால் சுரக்கும். ஆண்களுக்கு ஆண்மை குன்றும். இதற்குப் பெரும்பாலும் மாத்திரையே முதல் வைத்தியம். 'கேபர்கோலின்' வாரம் ஓரிரு முறை சாப்பிட்டாலே பலருக்குக் கட்டி சுருங்குகிறது. கார்டிசால் பெருகி முகம் வட்டமாகும் 'குஷிங்' வியாதிக்கோ ஆபரேஷனே முதல். அதற்குப் பிறகும் கட்டி மிஞ்சினால் கதிர் வைத்தியம் உண்டு. பலன் தெரியச் சில ஆண்டுகள் செல்லும்.

ஆகவே, 'மாத்திரையா, கத்தியா?' என்பதல்ல முதல் கேள்வி. 'சுரப்பது எந்த ஹார்மோன்?' என்பதே. இதை ரத்தப் பரிசோதனை காட்டிக் கொடுக்கும்.

இக்கட்டிகள் அநேகமாகப் புற்றுநோய் அல்ல, பயம் வேண்டாம். தாமதமும் வேண்டாம். கட்டி பெருத்தால் கண் பார்வை கெடும். அக்ரோமெகலியில் சர்க்கரை வியாதியும் ரத்த அழுத்தமும் சேரும். பெருத்த எலும்பு பிறகு சிறுக்காது.

மோதிரம் இறுகுவதெல்லாம் வியாதி அல்ல. ஆனால் செருப்பும் சேராமல், முகமும் மாறி வந்தால், தட்டாரிடம் போகுமுன் டாக்டரிடம் போய்வாருங்கள்.