துவக்கும் கடவுச்சீட்டும்

வன்னியிலே வயல் செய்யும் கமக்காரனுக்குத் துவக்கு புதுமையான பொருளன்று. காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்தால் ஒரு போகத்தின் உழைப்பு ஓரிரவில் அழியும் என்பதை அவன் அறிவான். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச்சட்டப்படி அனுமதிப்பத்திரம் பெற்றுத் துவக்கு வைத்திருந்த கமக்காரர் நம்மவருட் பலர். துவக்குக் கேட்பவனின் நடத்தை எத்தகையது, தேவை யாது என அரசு ஆராய்வது முறையே. அதனை எவரும் குறை கூறார்.

ஆனால் அக்கமக்காரனின் மகனோ பேரனோ இன்று சுவிற்சர்லாந்தில் வாழ்கிறான் எனின், அங்கே அவனிடம் முதலிற் பார்க்கப்படுவது நடத்தையன்று, கடவுச்சீட்டு. இதனைப் பற்றியே நாம் இன்று எழுதப் புகுந்தோம்.

சுவிற்சர்லாந்து துவக்கை வெறுக்கும் நாடன்று. படைப்பயிற்சி பெற்ற குடிமகன் தன் துவக்கை வீட்டிலேயே வைத்திருக்கும் மரபு அங்கே நெடுங்காலமாக உண்டு. 1999ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டம் அந்நியரையும் முற்றாக ஒதுக்கவில்லை. 'சி' எனப்படும் நிரந்தர வதிவிட அனுமதி பெற்றவர் சுவிஸ் பிரஜைகளைப் போலவே விண்ணப்பிக்கலாம். அவ்வனுமதி இல்லாதவர் தம் தாய்நாட்டு அதிகாரியிடமிருந்து அத்தாட்சிப் பத்திரம் சமர்ப்பித்தல் வேண்டும்.

இவ்விதிகளுக்குப் புறம்பாக ஒரு பட்டியல் உண்டு. 2008ஆம் ஆண்டின் ஆயுத ஒழுங்குவிதிகளின் 12ஆம் பிரிவு, குறிப்பிட்ட சில நாடுகளின் பிரஜைகள் ஆயுதம் வாங்குவதையும் வைத்திருப்பதையும் சுடுவதையுங்கூடத் தடுக்கின்றது. சேர்பியா, கொசோவோ, பொஸ்னியா, மசிடோனியா, அல்பேனியா, துருக்கி, அல்ஜீரியா என்பவற்றுடன் இலங்கையும் அப்பட்டியலில் இடம்பெற்றது.

துவக்குக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிய நமக்குத் துவக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. எம்மவர் வீடுதோறும் துவக்கு வேண்டுமென நாம் வாதிடவில்லை. வேண்டாமென்பதே எமது விருப்பம். ஆயினும் வேண்டாமென்று தானே விலகுவது வேறு. நீ இன்ன நாட்டான், ஆதலால் நம்பத்தகாதவன் என்று விலக்கப்படுவது வேறு.

பேர்ண் நகரிலே பிறந்து, அங்கேயே கல்வி கற்று, யாழ்ப்பாணத்தைக் கண்ணாலும் காணாத இளைஞன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். சுவிற்சர்லாந்தில் பிறந்தமை மாத்திரம் பிரஜாவுரிமை தருவதில்லை. ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவரை அவன் தடுக்கப்பட்டவன். நாளை அவன் சுவிஸ் பிரஜையானால் படைச்சேவை அவன் கடமையாகின்றது. அரசே அவன் கையில் துவக்கைக் கொடுக்கின்றது. நேற்று ஆபத்தானவையாக இருந்த கைகள் இன்று நாட்டைக் காக்கும் கைகளாயின! இடையில் மாறியது மனிதனா? கடவுச்சீட்டு ஒன்றே.

குற்றப்பதிவுள்ளோருக்கும், தமக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக் கூடியோருக்கும் ஆயுதம் மறுக்க அச்சட்டத்திலேயே இடமுண்டு. அத்தகைய சல்லடை இருக்க, நாட்டின் பெயரால் மற்றொரு வேலி எதற்கு? ஒழுங்குவிதி பிறந்த 2008இல் இலங்கையில் போர் மூண்டிருந்தது. அக்காலத்து அச்சம் எமக்கும் விளங்குகின்றது. போரோ 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்றது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை ஒரு கூட்டமாகவே ஒதுக்கியதைக் கண்ட நமக்கு, தனிமனிதனைப் பாராது கூட்டத்தைப் பார்க்கும் சட்டத்தின் குறை புலப்படாமற் போகாது.

எனினும் சட்டம் சட்டமாக உள்ளவரை அதனை மீறலாகாது. உரிமையின்றி ஆயுதம் வைத்திருப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கப்படலாம். நண்பர் இரவல் தந்தார் என்பதும், விளையாட்டுக்கே வாங்கினோம் என்பதும் நீதிமன்றில் எடுபடா. உண்மைத் துவக்குப் போலத் தோன்றும் காற்றுத் துவக்கும் அங்கே ஆயுதமே என்பதைப் பெற்றோர் மனங்கொள்க.

நேர்வழியும் இல்லாமலில்லை. வேட்டை, சுடுதற் போட்டி, காவற்பணி ஆகியவற்றுக்கு மாநில அரசு விதிவிலக்கு அளிக்கலாம். உரியவர் எழுத்துமூலம் கேட்பாராக. தகுதியுடையோர் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிப்பதிற் காலந்தாழ்த்தலாகாது. ஏற்கனவே வாக்குரிமை பெற்றுவிட்ட எம்மவர், பட்டியலை மீளாய்வு செய்யுமாறு தம் பிரதிநிதிகளிடம் கோருவாராக. அதனை வகுத்தது மத்திய அமைச்சரவை. சர்வசன வாக்கெடுப்பின்றித் திருத்தவும் அதனால் இயலும்.

நாம் கேட்பது துவக்கன்று. அயலவனை அளக்கும் அதே கோலால் எம்மையும் அளக்க வேண்டும் என்பதே எமது கோரிக்கை.