மெலிவதா அழகு?



காலை எட்டரை மணிக்குக் காட்கோபர் நிலையத்துப் பாலத்தில் நின்றிருக்கிறீர்களா? 2014ஆம் ஆண்டு மெட்ரோ வண்டி வந்து புறநகர் ரயிலோடு கைகோத்த நாள்முதல் அங்கே மனிதன் நடப்பதில்லை; கூட்டம் அவனை நடத்துகிறது. ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் வாங்கிக்கொண்டுதான் வகுப்புக்கு வந்து சேருகிறோம். அந்த மூச்சிலே காசநோய்க் கிருமியும் இருக்கலாம். உலகக் காசநோயாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் நம் நாட்டவர் அன்றோ!

கிருமி பலரைத் தொடுகிறது, சிலரைத்தான் வீழ்த்துகிறது. மற்றவரைக் காப்பது உடலின் காவற்படை. அந்தப் படைக்குச் சோறு வேண்டும். இந்த எளிய உண்மையை எனக்குக் கற்பித்தவன் என் அறைத்தோழன்.

திருநெல்வேலிச் சீமைக்காரன். நாடக ஒத்திகையில் ஒருநாள் ஒருவர் அவனைக் "குண்டன்" என்று கேலி செய்தார். சிரித்தவர்களுள் நானும் ஒருவன். மறுநாள் காலை உணவை விட்டான். சில வாரங்களில் இரவு உணவையும் விட்டான். சட்டை தளரத் தளர, நாங்கள் பாராட்டினோம்! "எனக்கு ஒரு சளிகூடப் பிடிப்பதில்லை, பார்" என்று அவனும் பெருமை பேசினான்.

அந்தப் பெருமையிலேதான் ஆபத்து ஒளிந்திருந்தது. எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தால் உணவை ஒதுக்கும் இந்த நோய்க்கு அனோரெக்சியா நெர்வோசா என்று பெயர். இது பிடிவாதமன்று, உள்ளத்தைப் பற்றி உடலை உருக்கும் நோய். தொடக்கத்தில் சளி, காய்ச்சல் குறைவாகவே தோன்றுவதும் உண்டு. ஆனால் மெலிவு முற்றினால் எலும்பு மஜ்ஜை வாடுகிறது, வெள்ளணுக்கள் குறைகின்றன. கொழுப்புத் திசுவிலிருந்து ஊறும் லெப்டின் என்னும் சுரப்பு வற்றுகிறது. அதனால் கிருமியை எதிர்க்கும் டி அணுக்கள் தளர்கின்றன. இன்னொன்றும் கேளுங்கள். காய்ச்சல் என்பது கிருமியை எதிர்க்க உடல் மூட்டும் தீ. விறகில்லாத அடுப்பில் தீ ஏது? பட்டினி கிடந்த உடலில் கடுந்தொற்று இருந்தும் காய்ச்சல் வராமற்போகலாம்.

என் நண்பனும் ஒரு மாதம் இருமினான், காய்ச்சல் இல்லை. "புகைதான் காரணம்" என்றோம். சளியைச் சோதித்தபோது காசநோய் என்றார்கள்!

நம் காட்கோபரிலேயே காமராஜ் நகர் என்றொரு குடியிருப்பு உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் பசியாற்ற 1950களில் மதிய உணவுத் திட்டத்தை விரிவாக்கிய முதலமைச்சரின் பெயர் அது. வறுமையால் தட்டு காலியா, வெறுப்பால் காலியா என்று கிருமி கேட்பதில்லை. ஜார்க்கண்டில் நடந்து 2023ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். காசநோயாளரின் வீட்டிலுள்ள பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அவ்வீட்டாரிடையே புதிதாய் நோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது! அரிசியும் பருப்பும் செய்த காவல் அது. ஏழைக்குக் கிடைக்காத அந்தக் காவலை, கிடைத்தும் நாம் துறக்கலாமா? ஒருவர் துறக்கும்படி நாம் கேலி பேசலாமா?

ஆகவே சங்கத்தார்க்குச் சில சொல்வேன். உடல் பருமனை நகைச்சுவையாக்கும் வழக்கம் நம் மேடையை விட்டு ஒழியட்டும். உண்ணாத நண்பனைக் கண்டால் பாராட்டவும் வேண்டாம், அதட்டவும் வேண்டாம். அருகில் அமர்ந்து பேசுங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நெடுநாள் பட்டினி கிடந்தவனுக்குத் திடீரென விருந்து வைப்பதும் ஆபத்தே. அவனுக்கு மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே உணவு கூட்ட வேண்டும். மனத்துயருக்கு அரசின் டெலி மானஸ் தொலைபேசி 14416 இருக்கிறது. இருமல் இரண்டு வாரம் நீடித்தால், காய்ச்சல் இல்லாவிட்டாலும், சளியைச் சோதியுங்கள். அரசு மருத்துவமனையில் காசநோய்ச் சிகிச்சை இலவசம்.

நண்பன் ஆறு மாத மருந்தை முடித்துவிட்டான். உள்ளத்துக்கான சிகிச்சை இன்னும் தொடர்கிறது. நேற்று மெஸ்ஸில் என்னெதிரே அமர்ந்து இரண்டாம் முறை சாம்பார் கேட்டான். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.