ஒற்றைச் செடியின் கதை

தாவரவியல் பூங்கா என்றதும் நம் நினைவுக்கு வருவது யாது? கோடை விடுமுறை, புல்வெளி, கட்டுச்சோறு, குடும்பத்தோடு எடுத்துக்கொள்ளும் புகைப்படம்! மரத்தடியில் பொருத்தப்பட்டிருக்கும் பெயர்ப் பலகையை நாம் படிப்பதேயில்லை. அப்பலகைக்குப் பின்னே ஓர் உயிரினத்தின் வாழ்வும் சாவும் அடங்கியிருக்கலாம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதுமில்லை.

இத்தகைய பூங்காக்கள் பொழுதுபோக்கிற்காகத் தோன்றியவை அல்ல. புனித அந்தோணியாரால் நமக்கு நன்கு அறிமுகமான பதுவை நகரில், 1545-ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்தின் சார்பில் ஒரு தோட்டம் அமைக்கப்பட்டது. மருத்துவ மாணவர் மூலிகைகளை நேரில் கண்டு, நல்லதையும் நச்சையும் பிரித்தறிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1585-இல் அங்கே நடப்பட்ட ஒரு பனையினத் தாவரம் இன்றும் உயிரோடு நிற்கிறது. அன்று கற்பிப்பதற்காகத் தோன்றிய தோட்டங்கள், இன்று காப்பதற்கான கடமையையும் ஏற்றுள்ளன.

அக்கடமை எத்தகையது என்பதை ஒரு செடியின் கதை நமக்கு உணர்த்தும்.

இந்துமாக் கடலில் மொரீசியசு நாட்டைச் சேர்ந்த ரொட்ரீக்சு என்னும் சிறு தீவு உள்ளது. அங்கு மட்டுமே வளர்ந்த காட்டுக் காப்பி என்னும் செடி, காடுகள் அழிந்ததாலும், ஆடுகள் மேய்ந்ததாலும், அயல்நாட்டுச் செடிகள் மண்டியதாலும் மறைந்தே போயிற்று என அறிஞர்கள் முடிவு கட்டியிருந்தனர். 1980-ஆம் ஆண்டை ஒட்டி, அத்தீவின் பள்ளியாசிரியர் ஒருவர் அரிய செடிகளைப் பற்றித் தம் மாணவர்க்குப் பாடம் நடத்தினார். பாடத்தைக் கருத்தூன்றிக் கேட்ட சிறுவன் ஒருவன், அச்செடியைக் கண்டுபிடித்துவிட்டான்! உலகிலேயே எஞ்சியிருந்த ஒரே செடி அது.

செய்தி பரவியதும் புதிய ஆபத்து வந்தது. மருந்துக்கென்று மக்கள் அதன் கிளைகளை ஒடிக்கலாயினர். வேலி போட்டனர், வேலியைத் தாண்டியும் ஒடித்தனர். எனவே 1986-இல் அதன் சில தண்டுகள் இலண்டன் மாநகரின் கியூ தாவரவியல் பூங்காவுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்று வேர் விட்டது. வெண்ணிற மலர்களும் பூத்தன. ஆனால் ஆண்டுகள் பல கடந்தும் ஒரு காய்கூடக் காய்க்கவில்லை. தண்டிலிருந்து வளர்ப்பவை யாவும் ஒரே செடியின் படிகளே. விதையின்றி இனம் தழைப்பது எங்ஙனம்?

கார்லோசு மக்டலேனா என்னும் தோட்டக்கலைஞர் மனம் தளரவில்லை. மலருக்கு மலர், தம் கையாலேயே மகரந்தம் சேர்த்துப் பார்த்தார். எத்தனையோ முயற்சிகள் வீணாயின. இறுதியில், வெப்பம் மிகுந்த இடத்தில் நின்ற செடியில் காய் பிடித்ததைக் கவனித்து, அதையே வழியாகக் கொண்டார். 2003-இல் விதைகள் கிடைத்தன. அவற்றின் வழிவந்த செடிகள் பின்னர்த் தாய்மண்ணுக்கே திரும்பின.

இது ஒரு செடியின் கதை மட்டுமன்று. அறியப்பட்ட தாவர இனங்களில் நூற்றுக்கு 30 பங்கேனும் உலகத் தாவரவியல் பூங்காக்களில் வளர்கின்றன என 2017-இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. அழிவை நெருங்கியவற்றிலோ நூற்றுக்கு 41 பங்கு. பலவகை விதைகளை உலர்த்தி, உறைநிலைக்கும் 20 பாகை கீழே குளிர்வித்துச் சேமிக்கும் விதை வங்கிகளும் உள்ளன. ஆனால் நம் மாவும் பலாவும் அதற்கு இணங்கா. உலர்த்தினால் அவற்றின் விதைகள் உயிரிழந்துவிடும். அவற்றை மரமாகவே வளர்த்துக் காத்தல் வேண்டும்.

எனினும் பூங்கா காட்டுக்கு ஈடாகாது. அது நோயாளியைக் காக்கும் மருத்துவமனை போன்றது. வாழும் இல்லம் காடே. இல்லத்தை அழித்துவிட்டு மருத்துவமனையை மட்டும் நம்பியிருத்தல் அறிவுடைமை ஆகுமா?

பெற்றோரே, அடுத்த முறை பூங்காவுக்குச் செல்லும்போது, பிள்ளைகளை ஒரு பெயர்ப் பலகையின் முன் நிறுத்திப் படிக்கச் செய்வோம். கிளையை ஒடிக்கும் கையைத் தடுப்போம். ரொட்ரீக்சுத் தீவில் ஓர் இனத்தைக் காப்பாற்றியது, முதன்முதலில், நன்றாக நடத்தப்பட்ட ஒரு பாடமும் அதைக் கேட்ட ஒரு சிறுவனின் கண்களுமே அன்றோ!