பிள்ளையின் அச்சத்தை ‘ஸபுர்’ என்று சொல்லி மூடாதீர்கள்

2023 டிசம்பர் 26 நள்ளிரவு. கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்குத் திரவ அம்மோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாயில் கசிவு. எண்ணூர் பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி, உறங்கிய பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். ஆழிப்பேரலையின் 19ஆம் ஆண்டு நினைவு நாளும் அதுவே. மறு ஆண்டு, அக்டோபர் 25 அன்று, திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் வாயு நெடி பரவி மாணவர் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நவம்பர் 4 அன்று பள்ளி திறந்ததும் மீண்டும் சிலர் மயங்கினர்.

மூச்சுத் திணறலுக்கு மருத்துவம் கிடைத்தது. உள்ளத்தில் தங்கிய அச்சத்திற்கு என்ன கிடைத்தது? அதே காற்றைச் சுவாசிக்கும் நம் வீடுகளில் மூன்று பதில்கள்தாம் தயாராக இருக்கின்றன.

முதலாவது: “சின்னப் பிள்ளை, மறந்துவிடும்.” மறப்பதில்லை. பேசத் தெரியாத அச்சம் உடல் வழியே பேசுகிறது. நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்புகிறது; காரணமில்லாத வயிற்றுவலி, பள்ளிக்குப் போக மறுப்பு, சிறு ஓசைக்கும் திடுக்கிடல், திடீர்ச் சினம் எனத் தொடர்கிறது. இதைப் பிடிவாதம் என்று எண்ணிப் பிரம்பை எடுப்பவர், வீட்டிலாயினும் மதரஸாவிலாயினும், புண்ணின் மீதே அடிக்கிறார்.

இரண்டாவது: “ஸபுர் செய், அழாதே.” ஸபுர் என்பது கண்ணீரைத் தடைசெய்வது என்று நமக்குக் கற்பித்தவர் யார்? மகன் இப்ராஹீம் மரணித்தபோது நபி (ஸல்) அவர்கள் அழுதார்கள். அக்கண்ணீரை இரக்கம் என்றார்கள். வளர்த்த குருவி இறந்து வாடிய சிறுவன் அபூ உமைரிடம் அக்குருவியைப் பற்றியே பரிவுடன் விசாரித்தார்கள். குழந்தையின் அழுகுரல் கேட்டுத் தொழுகையையே சுருக்கினார்கள். நாமோ நம் உரையாடலைக்கூடச் சுருக்குவதில்லை.

மூன்றாவது: “ஜின் பிடித்திருக்கும், தாயத்துக் கட்டுவோம்.” குர்ஆன் ஓதிப் பாதுகாப்புத் தேடுவதை நாம் மறுக்கவில்லை. ஆனால், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று ஏவியவர்களும் நபியவர்களே. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் ஓடும் நாம், உள்ளத்தின் காயத்திற்கு மட்டும் தகட்டைத் தேடுவது ஈமான் அன்று. “நாளை பெண் பார்க்க வருபவர்கள் என்ன சொல்வார்கள்?” என்ற அச்சமே அது.

பிள்ளைக்கு வேண்டுவது அரிய பொருளன்று. உணவு, உறக்கம், ஓதல், விளையாட்டு ஆகியவை நேரம் தவறாமல் நடக்கட்டும். என்ன நடந்தது என்பதை அதன் வயதுக்கேற்ப உண்மையாகச் சொல்லுங்கள். அது பேச வரும்போது கேளுங்கள், பேசும்படி வற்புறுத்தாதீர்கள். கைப்பேசியில் அந்தக் காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஓடவிடாதீர்கள். ஒரு மாதம் கடந்தும் அச்சம் தணியாவிட்டால், நம் வடசென்னையின் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

ஜமாஅத்துகளுக்கும் ஒன்று சொல்வோம். பள்ளிவாசல் விரிவாக்கத்திற்கு நிதி திரட்டும் நம்மால், ஏழைத் தாய் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் ஆட்டோ கட்டணத்தை பைத்துல்மாலிலிருந்து தர முடியாதா? ஓர் ஆண்டில் ஒரு ஜும்ஆ பயானையேனும் இதற்கு ஒதுக்க முடியாதா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. எச்சரிக்கை ஒலி, வெளியேறும் வழி, காற்றின் அளவீடு ஆகியவற்றை ஆலைகளிடமும் அரசிடமும் மற்றச் சமுதாயத்தாருடன் சேர்ந்து கேட்பதும் நம் கடமையே. நெடி மீண்டும் வரும் என்று தெரிந்த பிள்ளையிடம் “பயப்படாதே” என்பது ஆறுதலாகாது.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் உடலுக்கு மட்டுமன்று, உறக்கத்தில் அலறும் அதன் உள்ளத்திற்கும் நாளை மறுமையில் நாம் பதில் சொல்ல வேண்டும். அப்பொறுப்பை நிறைவேற்ற அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.