எடைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்: பூம்பாறைக்கு ஒரு மடல்

பூம்பாறை ஊர்ப் பெரியவர்களுக்கும், அண்ணன் அண்ணிமாருக்கும், கொடைக்கானலுக்கும் திண்டுக்கல்லுக்கும் பஸ் ஏறிப் படிக்கப் போகிற தம்பி தங்கைகளுக்கும்,

சிங்கப்பூரில் ஒரு வங்கியில் கோடைப் பயிற்சிக்குச் சேர்ந்தேன் என்று அம்மா சொன்னதிலிருந்து, "பேங்க்ல அந்தப் புள்ளைக்கு என்ன வேலை?" என்று பலரும் கேட்டீர்களாம். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அங்கே பார்த்ததில், பூண்டு போடுகிற ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிய வேண்டியது நிறைய இருக்கிறது. அதனால் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

இங்கே பல்கலைக்கழகங்களுக்கு மே முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை நீண்ட விடுமுறை. அந்த மாதங்களில் வங்கிகள் மாணவர்களைச் சம்பளம் கொடுத்துப் பயிற்சிக்கு எடுக்கும். என்னைப் போட்டது சிறு தொழில்களுக்குக் கடன் கொடுக்கிற பிரிவில். கடன் கேட்டு வருபவரின் கணக்கு அறிக்கையை மாதவாரியாகப் பிரிக்க வேண்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, யாரிடமிருந்து வந்தது, எந்த மாதம் கை வறண்டது என்று அட்டவணை போட வேண்டும். நான் போட்டதை இன்னொருவர் ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்த பிறகுதான் அது மேலே போகும். வங்கியில் எந்தத் தாளும் ஒரே ஆள் கையால் நகராது. போடுபவர் ஒருவர், பார்ப்பவர் வேறொருவர். எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் இதுதான் விதி.

ஒரு கோப்பை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். கடைகளுக்குக் காய்கறி கொடுக்கிற ஒரு மொத்த வியாபாரியின் மனு. சீனப் புத்தாண்டுக்கு முந்தைய மாதம் வரவு எகிறியிருந்தது. அடுத்த மாதம் பாதிக்கும் கீழே விழுந்திருந்தது. பார்த்தால் தொழில் படுத்துவிட்டது போலத்தான் தெரியும். எனக்கு மேலே இருந்த அம்மையார், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டு அறிக்கைகளையும் எடுக்கச் சொன்னார். மூன்று ஆண்டும் அதே மாதம், அதே சரிவு. "இது நஷ்டம் இல்லை, பருவம். அந்த மாதத் தவணையைக் குறைத்து எழுது" என்றார். கடன் கிடைத்தது. அந்த வியாபாரி நேரில் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்காகப் பேசியது மூன்று வருஷத்துத் தாள்கள்.

அன்று முழுக்க எனக்கு நம்மூர் நினைப்புதான். பருவம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். விதைப்பூண்டுக்கும் உரத்துக்கும் களையெடுப்புக் கூலிக்கும் பணம் போய்க்கொண்டே இருக்கும். அறுவடை முடிந்து, காய்ந்து, மலை இறங்கி வடுகபட்டி மண்டிக்குப் போன பிறகுதான் காசு திரும்பி வரும். விலையும் ஒரு நிலையில் நிற்காது. 2024 தொடக்கத்தில் கடைகளில் கிலோ 400 ரூபாயைத் தாண்டிய பூண்டு, பிறகு எப்படிச் சரிந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். இதையெல்லாம் முப்பது வருஷமாகச் சமாளித்து, வாங்கிய கடனை நாணயமாகக் கட்டியவர்கள் நம்மூரில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ஆனால் அந்த நாணயத்துக்கு அவர்கள் கையில் ஒரு தாள் இல்லை.

தாள் மண்டியில் இருக்கிறது. எந்த வருஷம் எத்தனை மூட்டை கொண்டுவந்தோம், என்ன விலைக்குப் போனது, முன்பணம் எவ்வளவு வாங்கினோம், எப்போது கழிந்தது, எல்லாம் மண்டிக்காரர்கள் நோட்டில் இருக்கிறது. அதனால்தான் ராத்திரி ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போய் நின்றாலும் அவர்களால் யோசிக்காமல் எடுத்துக் கொடுக்க முடிகிறது. அந்த உதவியை நான் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் வீடும் அதில் நிமிர்ந்ததுதான். ஆனால் முன்பணம் வாங்கிய கடைக்கே சரக்கு போயாக வேண்டும், அவர்கள் சொல்கிற விலைக்குத் தலையாட்டியாக வேண்டும். நம்முடைய வரலாறு அடுத்தவர் நோட்டில் இருக்கும்வரை, கடனும் அந்த ஒரு வாசலில்தான் கிடைக்கும்.

வேறு வாசல்கள் இருக்கின்றன. 1998 முதல் கிசான் கடன் அட்டை நடைமுறையில் உள்ளது. 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி; தவணை தவறாமல் கட்டினால் அதில் 3 சதவீதம் குறைந்து 4 ஆகிறது. 2025 ஜனவரி 1 முதல், 2 லட்சம் வரையிலான விவசாயக் கடனுக்கு வங்கிகள் அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் உரிய காலத்தில் திருப்பிக் கட்டும் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை. இவை எல்லாவற்றுக்கும் பட்டா, சிட்டா, அடங்கல் ஆகிய நில ஆவணங்கள் வேண்டும். நம்மூரில் எத்தனை காடு இன்னும் இறந்துபோன தாத்தா பெயரிலேயே கிடக்கிறது! அண்ணன் தம்பி உட்கார்ந்து பேசி, வாரிசுச் சான்று வாங்கி, பெயர் மாற்றுகிற காரியத்தைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அதில் அக்கா தங்கையின் பங்கையும் மறைக்காமல் எழுதுங்கள்.

கணக்கு எழுதுவது எவ்வளவு பெரிய பலம் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே ஒரு சாட்சி உண்டு. மதிய இடைவேளையில் நான் நடந்து போன தெருவுக்கு மார்க்கெட் ஸ்ட்ரீட் என்று பெயர். இன்றைக்கு இரண்டு பக்கமும் அண்ணாந்து பார்க்கிற கட்டடங்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே வரிசையாகச் செட்டியார்களின் கடன் கடைகளான கிட்டங்கிகள் இருந்தன. நீளக் கூடம், ஆளுக்கொரு மரப்பெட்டி, தரையில் உட்கார்ந்து கணக்கு. செட்டிநாட்டிலிருந்து சிறு வயதிலேயே பெட்டியடிப் பையன்களாகக் கப்பலேறி வந்தவர்கள், ஏவின வேலை செய்து, பேரேடு எழுதப் பழகி, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தார்கள். அப்படிக் கணக்கில் ஊறிய சமூகத்திலிருந்து வந்த எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார்தான் 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். அவர்கள் பிள்ளைகளைக் கணக்கில் உட்கார வைத்தார்கள். நாம் நல்ல விதைப்பூண்டு எது என்று பிள்ளைகளுக்குக் காட்டித் தருகிறோம், வரவு செலவு எழுதக் கற்றுத் தருவதில்லை. இனிமேல் கற்றுத் தர வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளையாலேயே அதைத் தாராளமாகச் செய்ய முடியும்.

தம்பி தங்கைகளுக்குச் சில விஷயங்கள். வங்கிப் பயிற்சி என்பது வெளிநாட்டில் மட்டும் கிடைப்பதில்லை. நபார்டு வங்கி விவசாயம், பொருளாதாரம், சமூக அறிவியல், மேலாண்மை படிக்கும் முதுநிலை மாணவர்களை உதவித்தொகையோடு எடுத்து, கிராமங்களுக்கு அனுப்பி ஆய்வு செய்ய வைக்கிறது. ரிசர்வ் வங்கியிலும் கோடைப் பயிற்சி உண்டு. ஏப்ரலில் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பிக்க வேண்டும். படிப்பு முடித்து வேலை தேடுகிற 21 முதல் 24 வயதினருக்காக மத்திய அரசு 2024இல் பிரதமர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கி, மாதம் 5,000 ரூபாய் அறிவித்தது. இவை எதற்கும் யாரிடமும் பணம் கட்ட வேண்டியதில்லை. "பேங்க் டிரெயினிங் சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன்" என்று காசு கேட்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

ஆங்கிலம் வராதே என்று பயப்படாதீர்கள். முதல் வாரங்களில் எனக்கும் வேகமாகப் பேசுவது பிடிபடவில்லை. ஆனால் அங்கே என் பேச்சை யாரும் அளக்கவில்லை, என் அட்டவணையைத்தான் அளந்தார்கள். கூட்டினால் சரியாக வர வேண்டும், எங்கிருந்து எடுத்த எண் என்று கேட்டால் காட்ட வேண்டும். அதற்கு வேண்டியது பொறுமை. மலைக்காட்டில் வேலை பார்த்த பிள்ளைகளுக்கு அது குறைவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். 2013 ஆகஸ்டில் லண்டனில், பெரிய வங்கி ஒன்றில் கோடைப் பயிற்சியில் இருந்த 21 வயது ஜெர்மன் மாணவர் தங்கியிருந்த அறையில் இறந்து கிடந்தார். தொடர்ந்து பல இரவுகள் தூங்காமல் வேலை பார்த்ததாகச் செய்திகள் வந்தன. வலிப்பால் வந்த மரணம் என்றும், களைப்பு அதைத் தூண்டியிருக்கலாம் என்றும் விசாரணையில் சொல்லப்பட்டது. 2015இல் கோல்ட்மேன் சாக்ஸ், பயிற்சி மாணவர்கள் நள்ளிரவு முதல் காலை 7 மணி வரை அலுவலகத்தில் இருக்கக் கூடாது என்று விதி போட்டது. எந்தச் சம்பளத்துக்காகவும் தூக்கத்தையும் சாப்பாட்டையும் விடாதீர்கள். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லுங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பலாமா என்று என் அப்பாவிடம் கேட்டவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அக்கறையில் கேட்டீர்கள். நான் இருந்த பிரிவில் கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்று கடைசிக் கையெழுத்துப் போட்டவர் ஒரு பெண். அடுத்த பெண்ணை அனுப்பும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பெயர் நமக்கு வந்துவிட்டது, பலன் வர வேண்டும். அடுத்த முறை வடுகபட்டிக்குச் சரக்கு ஏற்றும்போது தேதி, எடை, விலை, கழிவு எழுதிய சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பணத்தை முடிந்தவரை வங்கிக் கணக்கில் வரவு வைக்கச் சொல்லுங்கள். சீட்டுகளைத் தேதி வாரியாக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். மூன்று பருவம் இப்படிச் சேர்த்துவிட்டு எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். கடன் மனுவுக்கு வேண்டிய கணக்கை, கேட்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் நான் உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
சிங்கப்பூரிலிருந்து உங்கள் ஊர்ப் பெண்