மூக்கின் தீர்ப்பு போதாது

காய்கறி வேகவைத்து வடித்த சாற்றை ஃபிரிட்ஜில் எடுத்து வைத்து, சூப்புக்கும் புலாவுக்கும் ஊற்றிக்கொள்ளும் வழக்கம் இன்று பல வீடுகளில் உண்டு. நான்கைந்து நாள் கழித்து மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறோம். ஊசின வாடை இல்லையென்றால் ஒரு கொதி விட்டுப் பயன்படுத்திவிடுகிறோம். இந்தச் சோதனையை நம்பிக் குடும்பத்துக்குப் பரிமாறக் கூடாது. கெட்டது என்று மூக்கு சொன்னால் அதற்கு மறுபேச்சு வேண்டாம். நல்லது என்று சொல்லும் தகுதி மட்டும் அதற்குக் கிடையாது.

காரணம் எளியது. உணவைப் புளிக்கவும் நாறவும் வைக்கும் நுண்ணுயிர்கள் வேறு, ஆளைப் படுக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் வேறு. நுரை, கொழகொழப்பு, புளித்த வாடை எல்லாம் முதல் வகையின் வேலை. பேசில்லஸ் செரியஸ், கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் போன்றவை வாடையோ நிறமோ மாறாமலே பெருகக்கூடியவை. லிஸ்டீரியா ஃபிரிட்ஜின் குளிரிலும் வளரும். உப்பு குறைந்த, புளிப்பில்லாத காய்கறிச் சாறு இவற்றுக்கெல்லாம் விருந்து. ஆய்வுக்கூடங்களில் பாக்டீரியாவை வளர்ப்பதே இத்தகைய ஊட்டச் சாறுகளில்தானே! மறுபடி கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். செரியஸின் விதைத்துகள்கள் முதல் கொதியிலேயே சாகாமல் தப்பி, பாத்திரம் அடுப்பின்மேல் மெல்ல ஆறும்போது முளைக்கின்றன. வாந்தி உண்டாக்கும் அதன் நஞ்சு உருவாகிவிட்டால், பின்னர் எத்தனை கொதி விட்டாலும் அழியாது.

அறிகுறிகளைப் பார்க்கவே வேண்டாம் என்பதல்ல. உப்பிய பாக்கெட், மூடியைத் திறந்ததும் சீறும் காற்று, சூடாக்காமலே எழும் குமிழிகள், கரண்டியில் நூலாக இழுபடும் திரவம், மேலே ஒரு பொட்டுப் பூஞ்சை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். பூஞ்சையை மட்டும் வழித்தெறிவதும், சந்தேகத்தைத் தீர்க்க நாக்கில் வைத்துப் பார்ப்பதும் ஆபத்து. கலங்கலை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது. உருளைக்கிழங்கின் மாவுச்சத்தும் சாற்றைக் கலக்கும். தெளிவாக வைத்தது பிறகு கலங்கினால்தான் சந்தேகம். எலும்புச் சாறு குளிரில் கட்டிப்படுவது அதிலுள்ள ஜெலட்டினால். காய்கறியில் ஜெலட்டின் இல்லை, ஆகவே அந்தச் சமாதானம் இங்கே செல்லாது.

நம் பாட்டிமார் ஃபிரிட்ஜ் இல்லாமலே குழம்பைச் சுண்டவைத்து மறுநாளும் பரிமாறவில்லையா என்று கேட்கலாம். பரிமாறினார்கள், அங்கே காவல் இருந்தது புளியும் உப்பும். பழைய சோற்றிலும் லாக்டிக் அமிலம் ஓரளவு அந்த வேலையைச் செய்கிறது. அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஹெச் அளவு 4.6-க்கு மேல் இருக்கும் உணவுகளில் நச்சுக் கிருமிகள் வளர இடம் அதிகம். வெறும் காய்கறிச் சாறு அந்த வரிசையில் நிற்பது. புளிக்குழம்பின் நியாயத்தை அதற்குப் பொருத்துவது தவறு.

உணவை வீணாக்கலாமா என்ற கேள்வி கனமானது. ஆனால் வீணாவது கொட்டும் நாளில் அல்ல, ஆறவைக்கும் நேரத்தில் தொடங்குகிறது. சமைத்த உணவு 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையே கிடக்கும் நேரம்தான் கிருமிக்குக் கொண்டாட்டம். அகலமான சிறு பாத்திரங்களில் பிரித்து, குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் ஏற்றி, மூன்று நான்கு நாளில் தீர்க்க வேண்டும். அதற்குமேல் தேவையென்றால் முதல் நாளே ஃப்ரீசர். மின்வெட்டு நீண்ட நாளில் இந்தக் கணக்கும் செல்லாது. டப்பாமேல் சமைத்த தேதியை ஒட்ட ஒரு துண்டுக் காகிதம் போதும். அது மூக்கைவிட நேர்மையான சாட்சி.

வீட்டார்மேல் மட்டும் பொறுப்பைச் சுமத்துவது நியாயமல்ல. கடையில் விற்கும் பெட்டிச் சாற்றில் அச்சிட்ட காலாவதித் தேதி, பிரிக்காத பெட்டிக்கே பொருந்தும். பிரித்தபின் எத்தனை நாள் என்பதுதான் வாங்குபவர் அறிய வேண்டியது. ஆனால் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாலே போதும் என்கிறது விதி. அதைத் திருத்தி, பிரித்தபின் தாங்கும் நாள்களை விற்கும் மாநிலத்தின் மொழியில், முகப்பிலேயே பெரிய எழுத்தில் அச்சிடக் கட்டாயப்படுத்த வேண்டும். உணவகச் சோதனைக்குச் செல்லும் அதிகாரிகளும் சமையற்கட்டின் தூய்மையோடு நின்றுவிடாமல், சூப் அண்டாவில் வெப்பமானியை விட்டுப் பார்த்து, அது எத்தனை மணிக்கு இறக்கப்பட்டது என்ற குறிப்பையும் கேட்டு வாங்க வேண்டும்.